சிங்க் வழக்கில் அத்தையின் தீர்ப்பு

மேடையில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு எதையும் சிறியது என்று நான் ஒதுக்கியதில்லை. காதலா கடமையா என்று கேட்டபோதும் பேசினேன். கைப்பேசியால் வாழ்ந்தோமா வீழ்ந்தோமா என்று கேட்டபோதும் பேசினேன். ஒரே தலைப்பில் ஒரு கல்லூரியில் ஓர் அணிக்கும் அடுத்த கல்லூரியில் எதிர் அணிக்கும் பேசி, இரண்டு இடத்திலும் கோப்பை வாங்கியிருக்கிறேன். ஆகவே, புதுச்சேரியில் மில் தெருவிலிருக்கும் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, சமையலறைக்கு எந்தப் பொருளில் சிங்க் வாங்குவது என்ற கேள்வி எழுந்ததும், அதை எடுத்து நடத்தும் தகுதி எனக்கே உண்டு என்பதில் எனக்கு ஐயம் ஏற்படவில்லை. மற்றவர்களுக்கு ஏற்பட்டதா என்று நான் விசாரிக்கவில்லை.

கடைக்காரர்களுக்கும் அப்பாவுக்கும் அது சிங்க் பற்றிய கேள்வி. அம்மாவுக்கு அது முட்டி பற்றிய கேள்வி.

அம்மா மீன் சமைத்துக் கொடுப்பவர். ஓர் அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்தில் சில வீடுகளுக்கும் மதியம் மீன்குழம்பும் வறுவலும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகின்றன. அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடப்பட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் அவர் காவலாளியாகச் சேர்வதற்கு இடைப்பட்ட காலத்தில் தொடங்கிய வேலை அது. அப்பாவுக்கு வேலை கிடைத்த பிறகும் அம்மா நிறுத்தவில்லை. வைத்திக்குப்பத்துக்கு நடந்து போய், படகு பார்த்து, செவுள் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி வாங்கிவருவார். மீனை அங்கேயே ஆய்ந்து தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். அம்மா கொடுக்கமாட்டார்.

"செதிள எடுப்பாங்க, கொடல பாதி வுட்டுருவாங்க. சாப்புட்றவன் என் குழம்பத்தானே திட்டுவான்?"

இந்த ஆய்தல் எங்கள் வீட்டுக் கொல்லையில், தரையில் பதித்த ஒரு கல்லின் மேல், குழாயடியில் குந்தியபடி நடந்துவந்தது. குந்தியபடி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் கொல்லை ஓர் ஆள் அகலம். அதற்கு மேலே பக்கத்து வீட்டுக்காரர் தம் மாடிப்படியைச் சாய்வாக இறக்கியிருக்கிறார். அங்கே குந்தியிருக்கும்வரை தலைக்கு இடைஞ்சல் இல்லை. நிமிர்ந்து நின்றால் படிக்கட்டு தலையில் இடிக்கும். மேடை கட்டி நின்று வேலை செய்யலாமே என்று கேட்பவர்கள், முதலில் வந்து நின்று பார்க்கலாம்.

அம்மாவின் முட்டி வீங்கியது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருந்து காட்டினோம். படம் எடுத்துப் பார்த்த இளம் மருத்துவர், "இனிமே தரையில குந்தாதீங்கம்மா" என்றார்.

"குந்தறதுல ஒண்ணும் இல்ல டாக்டர். எழுந்துக்கறதுதான் கஷ்டம்" என்றார் அம்மா.

மருத்துவர் சிரிக்கவில்லை. மருந்தை எழுதிக்கொடுத்து அடுத்தவரை அழைத்தார்.

நிலைமை இதுதான். சமையலறைச் சிங்க்கில் நின்றபடி மீன் ஆயலாம் என்றால், அம்மாவின் வேலை தொடரும். இல்லையென்றால் நிற்கும். அப்பா, "போதும், நிறுத்திடேன்" என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அம்மா ஒரு பாத்திரத்தை எடுத்து வேறிடத்தில் வைத்தார். அதுதான் அவர் பதில்.

குறுக்கே நின்றது அத்தை. அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பின், நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே எங்களோடு வந்துவிட்டவர். வீட்டில் பூசை அலமாரி அவருடைய பொறுப்பு. அந்த அலமாரி சமையலறையில் இருக்கிறது. விளக்கு, தட்டு, மணி, பஞ்சபாத்திரம் எல்லாம் சமையலறைச் சிங்க்கில்தான் தேய்த்துக் கழுவப்படும். ஆகவே பச்சை மீன் சமையலறைப் படியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கொல்லையில் ஆய்ந்து, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, துண்டமாக வந்தால் உள்ளே வரலாம். குழம்பான பிறகு மீனின் மீது அத்தைக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் தலைத்துண்டு அவருக்குத்தான்.

"நீ ஊருக்கெல்லாம் பேசறியே, எனக்கு ஒரு வாட்டி பேசேன்" என்றார் அம்மா ஒருநாள், குக்கர் மூடியைத் துடைத்தபடி. "ஒங்க அத்தைகிட்ட நான் சொன்னா சண்டையாவும். நீ சொன்னா பேச்சாத்தான் இருக்கும்."

என் கலையைப் பற்றி வீட்டில் ஒருவர் இவ்வளவு துல்லியமாகச் சொன்னது அதுவே முதல் முறை. நான் வழக்கை ஏற்றுக்கொண்டேன்.

முதலில் சான்று திரட்ட வேண்டும். அம்மாவும் நானும் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியிலுள்ள ஒரு கடைக்குப் போனோம். சுவர் முழுவதும் சிங்க்குகளைப் படம்போல் மாட்டியிருந்தார்கள். விற்பனையாளர் நல்ல குரல்வளம் உடையவர். எடுப்பு நன்றாக இருந்தது, தொடுப்பும் பரவாயில்லை, முடிக்கத் தெரியவில்லை.

"இது குவார்ட்ஸ், மேடம். கல்லுப் பொடிய பிசினு வச்சி அச்சுல வார்த்தது. துரு புடிக்காது, கீறல் வுழாது. பாருங்க." ஒரு சுத்தியலை எடுத்து ஓங்கித் தட்டினார். சிங்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் சிங்க்கைச் சுத்தியலால் அடிப்பதில்லை என்பதை நான் சுட்டிக்காட்டினேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "லைஃப்டைம் மேடம் இது" என்றார்.

"யாரு லைஃபு?" என்றார் அம்மா.

அவர் அதற்கு ஆயத்தமாக வந்திருக்கவில்லை. அடுத்த சிங்க்குக்கு நகர்ந்தார்.

அடுத்தது வெள்ளைப் பீங்கான். அதைப் பற்றி நாங்கள் முன்பே அறிவோம். எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா வீடு இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் குடும்பம், பென்ஷன் இன்றும் பிரான்சிலிருந்து வருகிறது. அவர்கள் வீட்டில் இப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள். குக்கர் கைதவறி விழுந்து அதன் ஓரம் பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த இடத்தை மறைக்க ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டியை அதன்மேல் நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பக்கம் பாத்திரம் கழுவ முடியாது. பார்க்க அழகாக இருக்கிறது.

மூன்றாவது எவர்சில்வர். விற்பனையாளர் காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. காந்தம் ஒட்டாததால் மட்டும் தகடு உயர்ந்த ரகம் ஆகிவிடாது என்று நான் படித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார்; பிறகு அம்மாவிடம் மட்டுமே பேசினார். அம்மா தகட்டின் கனத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு முழங்கைவரை கையை உள்ளே கிடத்திப் பார்த்தார்.

"இதுல வஞ்சிரம் படுக்குமா?"

"என்னம்மா?"

"மீனு. நீட்டா படுக்குமான்னு கேக்கறேன்."

"பாத்திரம்தான்மா வைப்பாங்க இதுல."

"பாத்திரம் சின்னதுப்பா" என்றார் அம்மா.

ஒரே குழியாக, அகலமாக, அதிக ஆழமில்லாமல் ஓர் எவர்சில்வர் சிங்க்கை அம்மா தேர்ந்தெடுத்தார். ஆழமாக இருந்தால் குனிய வேண்டும். முட்டிக்குத் தப்பி இடுப்புக்கு வரும். கத்தி பட்டால் கவலையில்லை. செதிள் ஒட்டாமல் வழுக்கிப் போகும். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் உப்பு. கருப்பு குவார்ட்ஸில் அந்த உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் படியும், எவர்சில்வரில் துடைத்தால் போய்விடும். காரணங்கள் எல்லாம் அம்மாவுடையவை. அவற்றுக்கு வாக்கியம் அமைப்பதுதான் என் பங்கு. கடையில் ஒரு துண்டு எவர்சில்வர் தகடும் நிறம் பார்ப்பதற்கான ஒரு குவார்ட்ஸ் வில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். அவர் பூ தொடுத்துக்கொண்டிருந்தார்.

"மண்சட்டின்னா ஒடைச்சிப் போட்ரணும். பித்தளைன்னா புளி போட்டா போச்சி. கல்லு எல்லாத்தையும் குடிச்சிக்கும். நீ சொல்றியே, கல்லுப் பொடி, பிசினு, அது எந்தக் கணக்குல வருது?"

எனக்குத் தெரியவில்லை. மேடையில் தெரியாத கேள்வி வந்தால் எதிரணியைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும் என்பது பயிற்சி. புன்னகைத்தேன். அத்தை அடுத்த பூவை எடுத்தார்.

நேரடியாகக் கேட்டால் மறுப்பார் என்பது தெளிவானது. ஆகவே நான் ஒரு வழி வகுத்தேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் பள்ளிப் போட்டிகளுக்குப் பயிற்சி எடுத்த காலத்திலிருந்து, வீட்டில் கருத்து வேறுபாடு வந்தால் அதைப் பட்டிமன்றமாக நடத்துவோம். தொலைக்காட்சி எந்த அறையில் இருப்பது, தீபாவளிக்கு எந்த ஊர் போவது எல்லாம் அப்படித் தீர்ந்தவைதான். எப்போதும் அப்பாதான் நடுவர். இம்முறை அத்தையை நடுவராக்குவது என்று முடிவு செய்தேன். நடுவர் நாற்காலியில் அமர்ந்த ஒருவர் தம் சொந்தக் கருத்தை வாசலில் விட்டுவிட்டுத்தான் அமர வேண்டும் என்பது மேடையின் அறம். தலைப்பையும் நானே அமைத்தேன்: நெடுங்காலம் உழைப்பது எவர்சில்வரா, மற்றவையா? தலைப்பில் மீன் இல்லை. தலைப்பில் இருந்தால் அத்தை எச்சரிக்கையாகிவிடுவார்; பேச்சுக்குள் கொண்டுபோய்விட்டால், தீர்ப்போடு சேர்ந்து அதுவும் உள்ளே வந்துவிடும்.

அப்பா இதைக் கேட்டு மகிழ்ந்தார். "அக்கா நடுவரா? அப்ப என் தலை தப்பிச்சிது."

தப்பவில்லை. எதிரணிக்கு ஆள் இல்லாததால் அவரை அங்கே நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை தேநீர் நேரத்தில், கூடத்தில், சிமெண்ட் மூட்டைகளுக்கும் டைல்ஸ் பெட்டிகளுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டோம். என் கோப்பைகள் எல்லாம் புழுதி படாமலிருக்க ஓர் அரிசிச் சாக்கில் கட்டி மூலையில் வைக்கப்பட்டிருந்தன. கிரானைட் பதிக்க வந்திருந்த மேஸ்திரி தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு சமையலறை வாயிலில் நின்றார். மறுநாள் காலை மேடைப் பலகையில் சிங்க்குக்கு ஓட்டை வெட்டிவிட்டு அவர் கனகசெட்டிக்குளத்தில் வேறு வேலைக்குப் போக வேண்டும்.

"ஓட்டை எவ்ளோன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

"தீர்ப்பு வரட்டும் மேஸ்திரி" என்றார் அப்பா.

நான் எழுந்தேன்.

"மாண்பமை நடுவர் அவர்களே! பீங்கான் அழகுதான்; ஆனால் ஒரு குக்கருக்கு அஞ்சி நடுங்கும் அழகு. கருங்கல் உறுதிதான், ஆனால் முந்தாநாள் குழம்பை இன்றும் மறக்காத உறுதி. குவார்ட்ஸ் புதுமைதான், ஆனால் நம் வீட்டு உப்புத் தண்ணீரைத் தெருவுக்கே காட்டிக்கொடுக்கும் புதுமை. எவர்சில்வர் ஒன்றுதான், நடுவர் அவர்களே, பட்டதைத் துடைத்துவிட்டு மறுநாள் காலையில் புதிதாக நிற்கிறது!"

சான்றையும் வைத்தேன். தகட்டையும் வில்லையையும் முந்தைய நாள் மாலையிலிருந்து மீன் அலசிய தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் புளி தேய்த்துக் கழுவியிருந்தேன். இரண்டையும் நடுவரிடம் நீட்டினேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். வில்லையை இருமுறையும் தகட்டை நெடுநேரமும் முகர்ந்தார். அவர் மூக்கின் மேல் அவருக்கு மதிப்பு உண்டு. பால் திரிவதைத் திரிவதற்கு முன்பே சொல்பவர்.

"ரெண்டுலயும் வரல" என்றார்.

அந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்தி முடிப்புக்கு வந்தேன். காலையில் கடலிலிருந்து வரும் மீனையும் மாலையில் கடவுளுக்கு ஏற்றும் விளக்கையும் ஒரே முகத்தோடு ஏந்தவல்ல உலோகம் அதுவே என்று சொல்லி அமர்ந்தேன். மேஸ்திரி கைதட்ட முயன்றார். ஒரு கையில் தேநீர் இருந்தது.

அப்பா எழுந்தார். "நடுவர் அக்கா அவர்களுக்கு வணக்கம். சொல்தா வூட்டுல வெள்ளையா வச்சிருக்காங்க. பாக்க நல்லா இருக்குது. எனக்கு ட்யூட்டிக்கு நேரமாவுது." உட்கார்ந்தார்.

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நாற்காலியில் சற்று நிமிர்ந்தார்.

"பாப்பா நல்லாப் பேசிச்சி. தம்பி பேசனது பேச்சே இல்ல. எது ரொம்ப நாளு ஒழைக்கும்னுதானே தலைப்பு?"

"ஆமாம் நடுவர் அவர்களே."

"எவர்சில்வருதான் ஒழைக்கும். அதையே வாங்கிக்குங்க. பாப்பா ஜெயிச்சிடுச்சி." அம்மாவின் முகம் மலர்ந்தது. அத்தை தொடர்ந்தார். "மீனு மட்டும் அதுல வரக்கூடாது. மீனு வரலன்னா இன்னும் ரொம்ப நாளு ஒழைக்கும்."

தீர்ப்பு வழங்கப்பட்ட பின் யாரும் பேசக் கூடாது என்பது பட்டிமன்ற மரபு. அந்த மரபை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து, பல ஆண்டுகள் கறாராக நடைமுறைப்படுத்தியவள் நான். அப்பா ஒருமுறை தாமே சொன்ன தீர்ப்புக்குப் பின் வாய் திறந்தபோது அவரை எழுந்து போகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே வெற்றி பெற்றவள் என்ற முறையில் அமைதியாக அமர்ந்திருந்தேன்.

அம்மா தேநீர்க் குவளைகளைச் சேர்த்தெடுத்தார். "நல்லாத்தான் பேசின" என்றார் என்னிடம். அதன்பின் அலுவலகத்துக்குச் சாப்பாடு எடுத்துப்போகும் பையனுக்குக் கைப்பேசியில் பேசினார். "தம்பி, வர்ற மாசம் நம்மளால முடியுமான்னு தெரியல. அங்க சொல்லி வச்சிடு. கடைசி நேரத்துல சொன்னா பாவம், அவங்க எங்க போவாங்க?" அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, முட்டிதான்" என்றார். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினால் அவையோர் கவனிக்கமாட்டார்கள் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் கவனித்தேன்.

மறுநாள் காலை மேஸ்திரி அளவு நாடாவோடு வந்து நின்றார். அப்பா விடுதியிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அத்தை தற்காலிக அடுப்பில் இட்லி ஊற்றிவிட்டுச் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். அம்மா கொல்லையில் சங்கரா மீன்களை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசி மீனை அலசிச் சட்டியில் போட்டபின் எழுந்திருக்கவில்லை. குழாயைப் பிடித்து எழ முயன்றார். குழாய் ஆடியது. அதை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

நான் படியில் இறங்கினேன்.

"நீ வராத" என்றார். "ஒங்க அத்தையக் கூப்புடு."

"நான் தூக்கறம்மா."

"ஒன்ன யாரு கேட்டா? அத்தையக் கூப்புடுன்னு சொல்றேன்."

அது வலியா உத்தியா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அம்மா ஒரு பாத்திரத்தை எடுத்து வேறிடத்தில் வைப்பார்.

அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். படிக்கட்டுக்குக் கீழே குனிந்தார், போதுமான அளவு குனியவில்லை, தலை இடித்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பரம்பரையைச் சுருக்கமாகக் குறிப்பிட்டார்.

"எழுந்துரு."

"முடில அண்ணி."

"கையக் குடு."

"மீனு கை அண்ணி."

"தெரியுது. குடு."

இழுத்து எழுப்பினார். அத்தை அம்மாவைவிட மூத்தவர். ஆனால் அவர் முட்டிகள் இரும்பு. அதை அவரே அடிக்கடி சொல்வார். எழுந்ததும் இருவராலும் நிமிர முடியவில்லை, மேலே படிக்கட்டு. ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, நெற்றிகள் ஏறக்குறைய முட்ட, இருவரும் குனிந்தே நின்றார்கள். கொல்லை ஓர் ஆள் அகலம் என்பதால், ஒருவர் திரும்பினால்தான் மற்றவர் வெளியே வர முடியும். யாரும் திரும்பவில்லை.

"நாத்தம் எதுல வருதுன்னு அந்தப் புள்ள தகரத்தையும் வில்லையையும் மோந்து பாக்கச் சொல்லுது" என்றார் அத்தை. "நாத்தம் ஒன் கையில வருது. இந்தக் கையாலதான் வெள்ளிக்கெழம வெளக்குத் தேய்க்கிற. நான் என்னிக்காவது ஒரு வார்த்த சொல்லியிருக்கனா?"

அம்மா அவரைப் பார்த்தார். அந்த நிலையில் வேறெங்கும் பார்க்கவும் முடியாது.

"அப்ப மீனு வந்தா ஒங்களுக்கு என்னா அண்ணி?"

உள்ளே தாளிப்பு கருகிக்கொண்டிருந்தது. என் மூக்குக்கே தெரிந்தது. அத்தையின் மூக்குக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் நகரவில்லை.

"காலையில அடுப்பாண்ட நான் நிக்கறேன். நீ இங்க இருக்க. நல்லாத்தான் போவுது. நீயும் உள்ள வந்துட்டா?"

"ரெண்டு பேரும் நிக்கலாம். எடம் இருக்குதே."

"எடம் இருக்குது. பேசிக்கணுமே."

எங்கள் வீட்டின் காலைகளை நான் அதுவரை அந்தக் கோணத்தில் ஆராய்ந்ததில்லை. அம்மா கொல்லையில் மீனோடு. அத்தை உள்ளே அடுப்போடு. நடுவே ஒரு சுவர். அத்தை வந்த நாளிலிருந்து அப்படித்தான். இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போட ஒரே அறையில் இருக்க வேண்டும்.

"பேச வேணாம்" என்றார் அம்மா.

"என்னா?"

"நீங்க பாட்டுக்கு நில்லுங்க. நான் பாட்டுக்கு நிக்கறேன். நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

"நானும் பேசமாட்டேன்."

"பேசாதீங்க."

"சரி, கைய வுடு. திரும்பறேன், தலை வலிக்குது."

அத்தை திரும்பினார். இருவரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து, நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி நாடாவை நீட்டியபடி அங்கேயே நின்றிருந்தார், எல்லாவற்றையும் கேட்டிருந்தார், ஒன்றையும் கேட்காதவர்போல் சுவரைப் பார்த்தார்.

"ஓட்டை..." என்றார்.

"அந்தப் பெரிய சிங்க்குக்கே வெட்டு" என்றார் அத்தை. "சன்னல் ஓரமா போடு. அடுப்பு இந்தக் கோடி, அது அந்தக் கோடி. முதுகும் முதுகுமா இருக்கட்டும்." இரண்டடி போய்த் திரும்பினார். "வெட்டற கல்லு துண்டு என்னா பண்ணுவ?"

"அது வேஸ்ட்டும்மா. சில பேரு சப்பாத்தி தேய்க்க வச்சிக்குவாங்க."

"எனக்கு வேணும். கொல்லையில அந்தப் பழைய கல்ல எடுத்துட்டு இதப் பதிச்சிடு. சாமி பாத்திரத்த நான் அங்க கொண்டும்போயி தேய்ச்சிக்கறேன். எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்குது."

மீனை உள்ளே விடுவதற்கான வாதங்கள் என்னிடம் ஏராளமாக இருந்தன. சாமி பாத்திரங்களை வெளியே அனுப்பலாம் என்ற வாதம் அவற்றில் இல்லை. நடுவர் தம் தீர்ப்பைத் தாமே மாற்றிக்கொள்வதற்கு மேடையில் இடமில்லை என்பதையும் நான் எடுத்துச் சொல்லவில்லை. மேஸ்திரி இயந்திரத்தை இயக்கிவிட்டார். அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது.

அலுவலகத்துப் பையனை அம்மா அன்று மாலையே அழைத்தார். "வர்ற மாசம் உண்டுப்பா. சொல்லிடு" என்று மட்டும் சொன்னார்.

சிங்க் பதித்து, ஓரங்களில் பூசிய வெள்ளைப் பசை காய்ந்து, குழாய் இணைப்புக் கொடுத்தபின் ஒரு காலையில் அம்மா அதில் முதல் மீனை வைத்தார். வஞ்சிரம். நீட்டாகப் படுத்தது. நான் சமையலறை வாயிலில் நாற்காலி போட்டு, செய்தித்தாளை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். படிக்கவில்லை. அம்மா சன்னலைப் பார்த்து நின்று செதிள் எடுத்தார். அத்தை அடுப்பைப் பார்த்து நின்று தோசை வார்த்தார். ஒப்பந்தம் கடைப்பிடிக்கப்பட்டது. கத்தி தகட்டில் உரசும் ஓசையும் தோசைக் கரண்டியின் ஓசையும் தவிர வேறெதுவும் இல்லை. அம்மா வால் பக்கம் முடித்து மீனைப் புரட்டினார்.

"செதிளு இங்க வரைக்கும் தெறிக்குது" என்றார் அத்தை, திரும்பாமல்.

"பேசமாட்டேன்னு சொன்னீங்க அண்ணி."

"இது பேச்சா? செதிளு தெறிக்குதுன்னு சொல்றேன்."

"தெறிச்சா தொடைச்சிக்குங்க."

"தோசையில வுழுந்தா? அத எவன் துன்னுவான்?"

"அவ துன்னுவா." கத்தியால் என் பக்கம் காட்டினார் அம்மா. "பேப்பரு படிக்கற மாதிரி ஒக்காந்திருக்காளே."

"துன்னட்டும். பேசிப் பேசித் தொண்ட காஞ்சி கெடக்குது அதுக்கு."

"மஞ்சளு அங்க இருக்கா பாருங்க அண்ணி."

"கண்ணு முன்னாடிதான் இருக்குது. எடுத்துக்கயேன்."

"கையி மீனு."

அத்தை தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, மஞ்சள் டப்பாவைத் திறந்து, சிங்க் அருகில் கொண்டுபோய் வைத்தார். வைத்தவர் உடனே திரும்பவில்லை. மீனை எட்டிப் பார்த்தார்.

"தலைய பெருசா வெட்டு" என்றார்.

அம்மா பெரிதாகவே வெட்டினார். எல்லாத் துண்டத்தையும் அலசி, மஞ்சள் தடவிச் சட்டியில் அடுக்கி, சிங்க்கை ஒரு துடைப்பில் துடைத்து, கையை உதறினார். எழுந்திருக்க வேண்டிய தேவை இல்லாததால் யாரையும் கூப்பிடவில்லை. அப்படியே நடந்து போய், தோசைக்கல் அருகில் அத்தைக்குப் பக்கத்தில் நின்று, மீன் சட்டியை அடுத்த அடுப்பில் வைத்தார்.